தேமல் இலை கேட்டு வந்த அம்மா

வேளாண்மைத் துறையில் எனக்கு முப்பது ஆண்டுகள் ஆகின்றன. விதை கேட்டு வந்திருக்கிறார்கள், மானியம் கேட்டு வந்திருக்கிறார்கள், பூச்சி அரித்த இலையை பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்கள். நோய் வந்த செடிதான் வேண்டும் என்று கேட்டு ஒருவரும் வந்ததில்லை. சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒருவர் வந்தார்.

பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள ஒரு குப்பத்தைச் சேர்ந்த அம்மா அவர். ஐம்பது வயதுக்குள் இருக்கும். மீன் கூடையை வேளாண்மை விரிவாக்க மையத்தின் வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"மேடம், தேமல் அடிச்ச காராமணி எங்க கெடைக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல காராமணி விதையே இருக்குதும்மா. அத வுட்டுட்டு தேமல் வந்தது எதுக்கு?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "எங்க நாத்தனாருக்கு மார்ல கட்டி மேடம். ஆபரேசன் முடிஞ்சிருச்சு. அந்த எலைய அரைச்சுக் குடுத்தா கட்டி திரும்ப வராதாமே. இது வரைக்கும் திருப்பாலைவனம் பக்கத்துல ஒரு கொல்லையில பறிச்சிட்டு வந்து குடுத்தோம். அவுங்க செடியெல்லாம் புடுங்கிப் போட்டுட்டாங்க. நீங்க சொன்னீங்கன்னுதான் புடுங்கினாங்களாம்."

"யாரும்மா உங்களுக்கு இப்படிச் சொன்னது?"

"நீங்கதான் மேடம்."

தன் அக்கா மகனின் செல்போனில் வந்த செய்தியைக் காட்டினார். 'காராமணித் தேமல் இலை புற்றுநோயைக் கரைக்கும் – வேளாண் அதிகாரி தகவல்' என்று இருந்தது.

என் பேச்சுதான் அது

நினைவு வந்தது. மார்கழியில் பயறு சாகுபடி பற்றி ஒரு கூட்டம். நெல் அறுவடைக்குப் பிறகு உளுந்தும் காராமணியும் போடுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். தேமல் வந்த செடியைப் பிடுங்கிப் புதையுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர்களை எழுப்புவதற்காக, "இந்தக் காராமணித் தேமல் வைரஸை வைத்து அமெரிக்காவில் புற்றுநோய்க்கு மருந்து ஆராய்ச்சியே நடக்குது, தெரியுமா?" என்று ஒரு வாக்கியத்தை வீசினேன். எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் அடுத்து விதை நேர்த்திக்குப் போய்விட்டேன்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதி. மீதிப் பாதியை வாட்ஸ்அப் எழுதிக்கொண்டது.

அந்த நாத்தனாருக்கு ஆறு முறை மருந்து ஏற்ற வேண்டும் என்று சென்னையில் அரசு மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு முறையோடு நிறுத்திவிட்டார். முடி கொட்டியது, வாந்தி, வாயெல்லாம் புண். காப்பீட்டுத் திட்டத்தில் மருந்துக்குச் செலவில்லை என்றாலும், ஒவ்வொரு முறையும் துணைக்கு ஒருவர் தொழிலை விட்டுவிட்டுப் போக வேண்டும். அந்த நேரத்தில் இந்தச் செய்தி வந்திருக்கிறது. வலியில்லாத வைத்தியம், அதுவும் அதிகாரி சொன்னது. விட்டுவிட்டார்.

அன்று மாலையே அந்த அம்மாவோடு நான் குப்பத்துக்குப் போனேன். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்றுதான் யோசனை. அங்கே போய்ச் சொன்னதையும், சொல்ல முடியாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அந்தச் செய்தி உங்கள் ஊருக்கும் வந்திருக்கலாம்.

வைரஸ் என்பது நண்டு ஓடு மாதிரி

வீட்டுத் திண்ணையில் நாத்தனார் உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டு கட்டியிருந்தார். பக்கத்தில் யாரோ நண்டு பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதையே எடுத்துக்கொண்டேன்.

வைரஸில் முக்கியமாக இரண்டு பாகம் உண்டு. வெளியே புரதத்தால் ஆன ஓடு. உள்ளே மரபுப்பொருள். நண்டுக்கு ஓடும் உள்ளே சதையும் இருப்பது போல. செடிக்குள்ளே போய்ப் பெருகி நோயை உண்டாக்குவது உள்ளே இருக்கும் சரக்கு. ஓடு அதைப் பத்திரமாகச் சுமக்கும் பெட்டி. அவ்வளவுதான்.

வைரஸ் என்ற ஒன்று இருப்பதையே உலகம் ஒரு பயிர் நோயிலிருந்துதான் தெரிந்துகொண்டது. புகையிலைத் தேமல் நோய் அது. 1892-ல் ரஷ்யாவின் இவனோவ்ஸ்கி, நோய் வந்த புகையிலைச் சாற்றை பாக்டீரியாவே தாண்ட முடியாத வடிகட்டியில் வடித்துப் பார்த்தார். வடித்த சாறும் நோயைப் பரப்பியது. 1898-ல் ஹாலந்தின் பெய்ரிங்க், இது பாக்டீரியா அல்ல, வேறு வகை என்று சொன்னார். 1935-ல் அமெரிக்காவின் ஸ்டான்லி அதை உப்புப் போலப் படிகமாக்கிக் காட்டினார். அதற்காக 1946-ல் நோபல் பரிசும் பெற்றார். கல்லூரியில் பயிர் நோயியல் வகுப்பில் இதைப் படித்தபோது எங்களுக்கு வைரஸ் என்றால் ஒழிக்க வேண்டியது, அவ்வளவுதான். அதன் ஓடு ஒரு நாள் உதவும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

காராமணித் தேமல் வைரஸின் ஓடு பந்து போன்றது. குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் முப்பதாயிரத்துக்கு மேல் வரிசையாக அடுக்கலாம். இரண்டு வகைப் புரதம், வகைக்கு 60 துண்டு வீதம் சேர்ந்து பின்னிய ஓடு அது. வலைக்கண் போல ஒரே அளவில், ஒரே இடைவெளியில், அச்சு மாறாமல் இருக்கும்.

இந்த ஒழுங்குதான் விஷயம். நம் உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி, ஒரே வடிவம் திரும்பத் திரும்ப அடுக்கி வைத்த பொருளைப் பார்த்தால் உடனே விழித்துக்கொள்கிறது. கிருமிகளின் மேல்பரப்பு அப்படித்தான் இருக்கும் என்பது அதற்குத் தெரியும். ஒரு நோய்க்கிருமியின் சிறு துண்டை மட்டும் எடுத்துத் தனியாக ஊசி போட்டால் உடம்பு அவ்வளவாகக் கவனிக்காது. அதே துண்டைப் பயிர் வைரஸ் ஓட்டின் மேல் வரிசையாகப் பொருத்திக் கொடுத்தால் கவனிக்கும், நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு உண்மையான கிருமி வரும்போது அடையாளம் கண்டு அடிக்கும். பயிர் வைரஸை வைத்துத் தடுப்பூசி செய்வது என்றால் இதுதான். ஓடு பயிருடையது, மேலே ஒட்டியிருப்பது நோய்க்கிருமியின் அடையாளம்.

வெறும் ஓட்டை வைத்துத் தடுப்பூசி என்பது புதிதும் அல்ல. பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் போடுகிற மஞ்சள் காமாலை (ஹெபடைடிஸ்-பி) தடுப்பூசியில் இருப்பது, அந்த வைரஸின் மேல்புரதம் ஈஸ்ட்டில் தயாராகித் தானே சேர்ந்த வெற்று உருண்டைதான். உள்ளே சரக்கு இல்லை, அதனால் நோய் தராது. 2022-ல் புனே சீரம் நிறுவனம் கொண்டுவந்த கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியும் இதே வகை. அவற்றில் ஓடு மனித வைரஸின் ஓடு. பயிர் வைரஸின் ஓட்டை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள், அதுதான் புதுசு.

அமெரிக்காவில் நடப்பது என்ன?

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் நிக்கோல் ஸ்டெய்ன்மெட்ஸ் என்ற அம்மையார், டார்ட்மத் மருத்துவக் கல்லூரியின் ஸ்டீவன் ஃபியரிங் ஆகியோர் காராமணித் தேமல் வைரஸைப் புற்றுநோய்க்கு எதிராகச் சோதித்து வருகிறார்கள். புற்றுக்கட்டி நம் உடம்பின் சதையே என்பதால் எதிர்ப்புச் சக்தி அதைக் கண்டும் காணாமல் போய்விடுகிறது. சுத்தம் செய்த வைரஸ் துகள்களைக் கட்டிக்குள்ளேயே ஊசியால் செலுத்தினால், அந்நியன் வந்துவிட்டான் என்று எதிர்ப்பு அணுக்கள் அங்கே கூடுகின்றன. கூடிய இடத்தில் கட்டியையும் எதிரியாக அடையாளம் கண்டுகொள்கின்றன. 2016-ல் எலிகளில் நல்ல பலன் கண்டதாக எழுதினார்கள். பிறகு ஸ்பெயினில் மாட்ரிட் நகரத்தில், மடியில் கடுமையான புற்று வந்த 5 நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி சுருங்கியது.

எலி, நாய். இன்று எந்த மருத்துவமனையிலும் மனிதருக்குக் கொடுக்கும் வழக்கமான சிகிச்சையாக இது இல்லை. கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்ட பாதி இது.

நம் கொல்லையில் இருப்பது வேறு வைரஸ்

சொல்லாமல் விட்டது இன்னொன்றும் உண்டு. தேமல் என்பது நோயின் அடையாளம், வைரஸின் பெயர் அல்ல. ஆராய்ச்சியில் உள்ள காராமணித் தேமல் வைரஸ் ஆப்பிரிக்காவில் முதலில் கண்டறியப்பட்டது. வண்டுகள் பரப்புவது. நம் பக்கம் காராமணியில் வருவது பெரும்பாலும் அசுவினி பரப்பும் தேமலும், வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமலும். அவை வேறு குடும்பத்து வைரஸ்கள். இலையைப் பார்த்தால் எல்லாம் பச்சையும் மஞ்சளும் கலந்த திட்டுதான். படகில் ஒரே நிற வர்ணம் அடித்திருந்தால் எல்லாம் ஒரே ஆள் படகு ஆகிவிடுமா என்று கேட்டேன். அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். நாத்தனாரும் கொஞ்சம் சிரித்தார்.

அப்படியே சரியான வைரஸாக இருந்தாலும், அரைத்துக் குடித்தால் வயிற்றில் செரித்துப் போகும், இல்லாவிட்டால் அப்படியே வெளியே போகும். தேமல் வந்த கத்தரி, வெண்டை, மிளகாயை நாம் காலம் காலமாகச் சாப்பிடுகிறோம். மிளகாயில் வரும் ஒரு தேமல் வைரஸ் மனிதக் கழிவில் ஏராளமாக இருக்கிறது என்று 2006-ல் கண்டுபிடித்தார்கள். இப்போது தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கிறதா என்று பார்க்க அந்த வைரஸைத்தான் தேடுகிறார்கள். நம் அணுக்களுக்குள் நுழைய அதனிடம் சாவி இல்லை. அதனால் கெடுதலும் இல்லை, கட்டியைத் தொடப்போவதும் இல்லை.

ஆனால் அந்த இலையில் வேறு கெடுதல் இருந்தது. தேமல் வந்த கொல்லையில் வெள்ளை ஈக்கு மருந்து அடித்திருப்பார்கள். ஊடுருவிப் பாயும் மருந்து இலைக்குள்ளேயே இருக்கும், கழுவினால் போகாது. மேலும், புற்றுநோய் மருந்து ஏற்றிய உடம்பில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் பச்சையாக அரைத்த இலைச் சாறு குடித்தால் அதிலுள்ள சாதாரணக் கிருமியே ஆளைப் படுக்கவைத்துவிடும். இதைச் சொன்னபோது அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. தன் கையால் அரைத்துக் கொடுத்தவர் அவர்தான்.

"நீங்க தப்பு பண்ணலம்மா. நான் பாதியில வுட்டது தப்பு" என்றேன்.

அக்கரையில் ஓர் அகத்தி மரம்

நாத்தனார் அதுவரை பேசவில்லை. இப்போது கேட்டார். "அப்ப இதெல்லாம் வெளிநாட்டு எலிக்குத்தானா மேடம்? நம்ம ஊர்ல யாரும் செய்யலியா?"

செய்திருக்கிறார்கள். நம் ஏரியின் அக்கரை இன்று ஆந்திராவின் திருப்பதி மாவட்டம். அந்தத் திருப்பதிப் பகுதியில் 1980-களின் தொடக்கத்தில் அகத்தி மரத்தில் ஒரு தேமல் நோயைக் கண்டு, அதன் வைரஸைப் பிரித்து எடுத்தார்கள். அகத்தித் தேமல் வைரஸ் என்று பெயர். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் எச்.எஸ். சாவித்ரி, எம்.ஆர்.என். மூர்த்தி ஆகிய பேராசிரியர்கள் அதன் ஓட்டை அணு அணுவாக ஆராய்ந்தார்கள். 180 புரதத் துண்டுகள் சேர்ந்த ஓடு அது. எந்தத் துண்டு எப்படிப் பொருந்துகிறது என்று 1990-களில் படம் போட்டுக் காட்டினார்கள்.

அதே கூடத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. சொடக்குத் தக்காளி இனத்துச் செடியில் வரும் ஒரு வைரஸின் ஓட்டுப் புரதத்தை மட்டும் பாக்டீரியாவில் தயாரித்தார்கள். துண்டுகள் தாமே கூடி வெற்று ஓடுகளாக நின்றன. சதையில்லாத நண்டு ஓடு. செடிக்குக்கூட நோய் தராது.

ஐதராபாத்தில் தேசியப் பால்வள வாரியம் 1982-ல் கோமாரித் தடுப்பூசிக்காகத் தொடங்கிய இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் இந்த ஓட்டை எடுத்துக்கொண்டார்கள். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரண்டு நோய்களின் அடையாளத் துண்டுகளை ஒரே ஓட்டில் பொருத்தித் தடுப்பூசிக்கான சோதனை செய்து 2009-ல் வெளியிட்டார்கள்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு நெருக்கமான இன்னொரு வேலை, கோமாரி பற்றியது. ஒரு மாட்டின் ரத்தத்தில் கோமாரிக்கு எதிர்ப்புப் பொருள் இருந்தால், அது தடுப்பூசியால் வந்ததா, உண்மையான நோயால் வந்ததா என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒரு பகுதியில் நோய் ஒழிந்ததா என்றே சொல்ல முடியாது. வைரஸ் மாட்டின் உடம்புக்குள் பெருகும்போது மட்டும் உண்டாகும் சில புரதங்கள் உண்டு. சுத்தம் செய்த தடுப்பூசியில் அவை இருக்காது. அந்தப் புரதத்தின் துண்டைச் செடி வைரஸ் ஓட்டில் பொருத்தி, அதை வைத்து ரத்தத்தைச் சோதிக்கும் முறையை 2007-ல் காட்டினார்கள்.

இவையும் ஆய்வு நிலைப் பணிகள்தான். பொன்னேரி மருந்துக் கடையில் போய்க் கேட்க வேண்டாம்.

ஐஸ் உருகினால் என்ன ஆகும்?

இவ்வளவு பாடுபட்டு ஏன் பயிர் வைரஸைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? காரணம் குப்பத்துப் பெண்களுக்கு உடனே புரிந்தது. ஐஸ்.

பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். தயாரிக்கும் இடத்திலிருந்து ஊசி போடும் இடம் வரை அந்தக் குளிர் அறுந்துவிடக் கூடாது. சித்திரை வெயிலில் ஆடு மாடு முகாமுக்கு நானும் போயிருக்கிறேன். கால்நடை மருத்துவர் பெட்டியைத் திறந்து மூடுவதைப் பார்த்தால், மீன் பெட்டி வைத்திருக்கும் பெண்கள் போலத்தான் இருக்கும். ஐஸ் உருகினால் மீன் நாறும், எல்லாருக்கும் தெரிந்துவிடும். தடுப்பூசி கெட்டால் நாறாது, நிறம் மாறாது. ஊசி போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்போம், நோய் வந்த பிறகுதான் தெரியும்.

பயிர் வைரஸ்கள் வெயிலிலும் மழையிலும் தாங்கிப் பழகியவை. புகையிலைத் தேமல் வைரஸ் காய்ந்த இலையில் பல ஆண்டுகள் உயிர்ப்போடு கிடக்கும். அதனால்தான் தக்காளி நாற்றங்காலில் பீடி, புகையிலை தொட்ட கையோடு வேலை செய்யாதீர்கள் என்று நாங்கள் கரடியாகக் கத்துகிறோம். நம்மைப் படுத்தும் அந்தக் கெட்டித்தன்மைதான் தடுப்பூசி செய்பவர்களுக்கு வரம். 2021-ல் ஸ்டெய்ன்மெட்ஸ் குழு காராமணி வைரஸ் ஓட்டை வைத்துச் செய்த கொரோனா தடுப்பூசி மாதிரி, குளிர்பெட்டி இல்லாமலும் தாங்கியது. எலிகளில்தான் சோதித்தார்கள். ஆனாலும் மின்சாரம் நின்று நின்று வரும் ஊர்களுக்கும், படகில் போக வேண்டிய தீவுகளுக்கும் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத் தெரியும்.

இரண்டாவது காரணம், பயிர் வைரஸைப் பெருக்கச் செடியே போதும். சோதனைக்கூடக் கண்ணாடி அறையில் காராமணி வளர்த்து, இலையில் வைரஸைத் தேய்த்து, நோய் ஏறியதும் அறுத்துச் சுத்தம் செய்து எடுக்கலாம்.

எல்லாம் சுலபமாக முடிந்துவிடுவதும் இல்லை. புகையிலை இனச் செடியில் தயாரான ஒரு கொரோனா தடுப்பூசிக்கு 2022 பிப்ரவரியில் கனடா அனுமதி கொடுத்தது. மனிதருக்கு அனுமதி கிடைத்த பெரிய வெற்றி. அடுத்த ஆண்டே அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். அதற்கு முன்பு 1990-களில், வாழைப்பழத்திலேயே தடுப்பூசி, சாப்பிட்டால் போதும் என்று ஒரு பேச்சு பலமாக இருந்தது. பழத்துக்குப் பழம் மருந்தின் அளவு மாறும், எவ்வளவு சாப்பிட்டால் எவ்வளவு உள்ளே போகும் என்று கணக்கு வைக்க முடியாது. அந்த வாழைப்பழம் இன்றுவரை நம் இலைக்கு வரவில்லை.

கூட்டங்களில் கேட்கும் சில கேள்விகள்

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு எல்லாக் கூட்டத்திலும் நானே இதை எடுத்துப் பேசுகிறேன். அப்போது வரும் கேள்விகளுக்குச் சுருக்கமான பதில்.

தேமல் வந்த பயறுச் செடியை ஆடு மாட்டுக்குப் போடலாமா? மருந்து அடித்து, அந்த மருந்துக்கு உரிய காத்திருப்பு நாட்கள் முடிந்திருந்தால் போடலாம். வைரஸால் கெடுதல் இல்லை. ஆனால் அது தடுப்பூசியும் ஆகாது. கோமாரி ஊசியை முகாமில் போட்டே ஆக வேண்டும்.

தேமல் செடியை ஆராய்ச்சிக்கு வாங்குவார்களா, வளர்த்துக் கொடுக்கலாமா? வேண்டாம். ஆராய்ச்சிக்கு வேண்டியதை அடைத்த கூடத்தில் அவர்களே வளர்க்கிறார்கள். வயலில் விட்டுவைத்தால் பக்கத்துக் கொல்லைக்கும் பரவும், அவ்வளவுதான்.

தேமல் வந்தால் என்ன செய்வது? வைரஸுக்கு மருந்து கிடையாது, பரப்பும் பூச்சியைத்தான் பிடிக்க வேண்டும். முதல் சில செடிகளில் கண்டதும் பிடுங்கிப் புதையுங்கள். மஞ்சள் ஒட்டும் பொறி வையுங்கள். வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம் தெளியுங்கள். வரப்போரம் சோளமோ மக்காச்சோளமோ இரண்டு மூன்று வரிசை போட்டால் வெள்ளை ஈ நுழைவது குறையும். காராமணியில் அசுவினி பரப்பும் தேமல் விதை வழியாகவும் வரும். ஆகவே தேமல் விழுந்த கொல்லையிலிருந்து விதைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.

அன்று கேட்ட கடைசிக் கேள்வி

குப்பத்தில் அன்று எல்லாம் சொல்லி முடித்தபோது விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. நாத்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இது பொய்யா மேடம்?"

"பொய் இல்லம்மா. இன்னும் வரல."

"வர்ற வரைக்கும் நான் இருப்பனா?"

எனக்குப் பதில் வரவில்லை. விவசாயி கேட்டால் எந்த ரகம், எத்தனை நாள், எத்தனை மூட்டை என்று சொல்லிப் பழகிய வாய். "அது வர்றதுக்குக் காத்திருக்க வேணாம்மா. இப்ப இருக்கிற மருந்து ஆஸ்பத்திரியில இருக்குது. ரெண்டு தடவ முடிச்சிட்டீங்க. இன்னும் நாலு. பாதி வலைய இழுத்துட்டு நடுவுல வுட்டா மீனும் போவும் வலையும் போவும்" என்றேன். அது அவர் மனத்துக்குப் பட்டதா, கூட வந்து நிற்கிறேன் என்று சொன்னது பட்டதா தெரியவில்லை. அடுத்த திங்கட்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு அவர்களோடு நானும் பொன்னேரியில் ரயில் ஏறினேன்.

மருத்துவர் திட்டுவார் என்று பயந்தார்கள். அவர் திட்டவில்லை. என்ன சாப்பிட்டார்கள் என்று மட்டும் விவரமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இடைவெளி விட்டது நல்லதில்லை, இனி விடாதீர்கள் என்று சொல்லி அடுத்த தேதி கொடுத்தார். மீதி மருந்தும் ஏற்றி முடித்தார்கள். குணமாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். அதை மருத்துவர் சொல்ல வேண்டும், காலமும் சொல்ல வேண்டும். இப்போதைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போய் வருகிறார். முடி வளர்ந்துவிட்டது. காலையில் மற்ற பெண்களோடு நண்டு பிரிக்க உட்காருகிறார்.

உங்கள் வீட்டில் யாராவது பெரிய வைத்தியத்தில் இருந்தால் ஒன்று மட்டும் செய்யுங்கள். இலை, வேர், பொடி, செல்போன் செய்தி, எதுவானாலும் தொடங்கும் முன் வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எதற்காகவும் நடுவில் மருந்தை நிறுத்தாதீர்கள்.

சென்ற மாதம் அந்த அம்மா மறுபடியும் எங்கள் மையத்துக்கு வந்தார். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் கொட்டி மேடாக்கியிருக்கிறார்களாம், காராமணி விதை வேண்டும் என்றார். ஒரு பொட்டலம் கொடுத்தேன்.

"தேமல் வராத வெதைதானே மேடம்?" என்று கேட்டுவிட்டு, வாசலில் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"மேடம், அடுத்த கூட்டத்துல பேசுறப்ப முழுசாப் பேசுங்க. அவசரமா இருந்தா பேசாமலே வுட்ருங்க. எங்காளுங்க நீங்க சொன்னா நம்பிடுவாங்க."

அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.